"அப்பா என்ன பண்றார்?" – நேர்காணல் மேசையில் எதை எடை போடுகிறார்கள்?

மீண்டும் கேம்பஸ் இன்டர்வியூ காலம் வந்துவிட்டது. கல்லூரி அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் அறிவுரைகள் குவிகின்றன. முதல் சில நிமிடங்களிலேயே நல்ல அபிப்பிராயத்தை உண்டாக்கிவிட வேண்டுமாம். கைகுலுக்கலில் உறுதி வேண்டும், கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், ஷூ பளபளக்க வேண்டும், ஆங்கிலம் தடுமாறக் கூடாது, புன்னகை மாறக் கூடாது. நம் மாணவர்கள் இதையெல்லாம் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். பணம் கட்டி 'பர்சனாலிட்டி டெவலப்மென்ட்' வகுப்புக்குப் போகிறார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது நமக்குத் தெரியும். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவின் கூலியிலிருந்து வருகிறது.

இந்த அறிவுரைகள் எல்லாமே பொய் என்று நாம் சொல்லவில்லை. நேரத்துக்குப் போவதும், துவைத்த சட்டை போடுவதும், கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதும் நல்லதுதான். நம் கேள்வி வேறு. 'நல்ல அபிப்பிராயம்' என்கிறார்களே, அது யாருடைய அபிப்பிராயம்? மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்? அவருக்குப் பழகிய முகம், பழகிய பேச்சு, பழகிய குடும்பம் எப்படிப்பட்டது?

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஞாயிறு மாலைகளில் மாதிரி நேர்காணல் நடத்துகிறோம். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்த ஒரு தம்பி வந்திருந்தார். பாடத்தில் கேட்டதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னார். இறுதியாண்டு புராஜெக்டைப் பலகையில் வரைந்தே விளக்கினார். பிறகு, வேண்டுமென்றேதான், "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டோம். அதுவரை நிமிர்ந்திருந்த தலை குனிந்தது. "விவசாயம், சார்" என்றார். அவருடைய அப்பா நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். யாரும் எதுவும் சொல்லவில்லை.

முடிந்த பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டோம். "போன இன்டர்வியூல உண்மையச் சொன்னேன் அண்ணா. 'ஓ'ன்னாங்க. அதுக்கப்புறம் பாடத்துல ஒரு கேள்விகூட கேக்கல."

அந்த 'ஓ'வுக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் பாடம் கிடையாது.

பெயருக்குப் பின்னால் சாதி போடாத மாநிலம் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. அது உண்மையான சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் பெயரிலிருந்து இறங்கிய சாதி பயோடேட்டாவின் மற்ற வரிகளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. முகவரியில் 'காலனி' என்று இருக்கும். படித்த பள்ளி 'அரசு ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளி' என்று இருக்கும். மதிப்பெண் பட்டியலைத் திருப்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு வரியில் விஷயம் முடிந்தது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் அந்தச் சொல் வசைச்சொல்லாக இத்தனை காலம் எங்கெல்லாம் வேலை செய்தது என்ற கணக்கில் நேர்காணல் அறையையும் சேர்க்க வேண்டும்.

காகிதத்தில் பிடிபடாதவர்களுக்கு வாய்மொழிக் கேள்விகள் இருக்கின்றன. "சொந்த ஊர் எது?" ஊர்ப் பெயரைச் சொன்னால், "ஊர்ல எந்தப் பக்கம்?" அதற்கும் பிடி கொடுக்காவிட்டால், "குலதெய்வம் எது?" ஒரு தங்கையிடம், கணக்காளர் வேலைக்கான நேர்காணலில், "நீங்க வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" என்று கேட்டிருக்கிறார்கள். வரவு செலவுக் கணக்கு எழுதுவதற்கும் மாட்டுக்கறிக்கும் என்ன தொடர்பு? கேட்டவருக்கு அந்தத் தொடர்பு நன்றாகவே தெரிந்திருக்கிறது. பெண்கள் என்றால் இன்னொரு சுற்றும் உண்டு: கல்யாணம் எப்போது, வீட்டில் விடுவார்களா, விடுதியில் தங்குவீர்களா. சாதியும் ஆணாதிக்கமும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கேட்கும் கேள்விகள் இவை.

"உங்களுக்கு எங்கே பார்த்தாலும் சாதிதான் தெரியும்" என்பார்கள். சரி, ஆய்வுகளைப் பார்ப்போம்.

2005–06இல் பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் சமூகவியலாளர் பால் அட்டவெலும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே அளவு தகுதி கொண்ட விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயர் மட்டும் மாறியது. ஒன்றில் உயர்சாதி இந்துப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு அது 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33. 2007இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் வெளியானது. கவனியுங்கள் தோழர்களே, இந்த விண்ணப்பங்களை அனுப்பியவர் யாரும் யாரையும் நேரில் பார்க்கவில்லை. கைகுலுக்கவில்லை. தப்பான ஆங்கிலம் பேசவில்லை. ஷூ பாலிஷ் போட மறக்கவில்லை. அபிப்பிராயம் அதற்கு முன்பே உருவாகிவிட்டது.

அதே ஆண்டு அதே இதழில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் மனிதவள மேலாளர்களைப் பேட்டி கண்டு எழுதினார்கள். சாதி பார்ப்பீர்களா என்றால் கிடையாது, தகுதி மட்டுமே என்கிறார்கள். ஆனால் ஆளெடுக்கும்போது 'குடும்பப் பின்னணி' முக்கியம் என்றும் அவர்களே சொல்கிறார்கள். நல்ல குடும்பத்திலிருந்து வந்தவனுக்கு நல்ல பண்பு இருக்குமாம். அப்பா படித்தவரா, அண்ணன் என்ன வேலை, வீடு எங்கே என்பதெல்லாம் அதற்காகத்தானாம். பிறப்பை வைத்துக் குணத்தைக் கணிக்கும் இந்த முறைக்கு நம் நாட்டில் வேறொரு பழைய பெயர் இருக்கிறது. அதை அவர்கள் சொல்ல மாட்டார்கள், நாம் சொல்வோம்: வருணம்.

அஸ்வினி தேஷ்பாண்டேயும் நியூமனும் டெல்லிப் பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்த ஆய்வும் 2007இல் வந்தது. குடும்பம் பற்றிய கேள்வி உயர்சாதி மாணவர்களுக்குச் சாதாரண அரட்டையாக இருந்தது. தலித் மாணவர்களுக்கு அதே கேள்வி பொறியாக இருந்தது. போதாக்குறைக்கு இடஒதுக்கீட்டைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்ற கேள்வியும் வந்தது. எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறோம் என்று சொல்பவர்களுக்கு இதுதான் பதில். ஒரே கேள்விதான். ஒருவருக்கு அது நாற்காலி, இன்னொருவருக்கு முட்டுக்கட்டை.

நீதிமன்றமும் இதைப் பார்த்திருக்கிறது. நம் தமிழ்நாட்டிலேயே, மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் 275 மதிப்பெண்ணில் 75 நேர்காணலுக்கு என்று வைத்திருந்தார்கள். அது மிக அதிகம் என்று பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டது. பிறகு 1980இல் அஜய் ஹாசியா வழக்கு. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100, வாய்மொழித் தேர்வுக்கு 50. ஒரு மாணவருக்கு சராசரியாக இரண்டு மூன்று நிமிடமே ஒதுக்கப்பட்டது. அந்த நிமிடங்களில் கேட்டதும் பெற்றோர் யார், வீடு எங்கே என்பதுதான். நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்று நீதிமன்றம் சொன்னது. நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நம் பிள்ளைகள் உட்காரும் அறைகளில் எத்தனையில் அந்த ஒலிப்பதிவுக் கருவி ஓடுகிறது?

ஒன்றிய அரசும் தன் பங்குக்கு ஒப்புக்கொண்டது. 2015 சுதந்திர தின உரையில், கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணல் எதற்கு என்று பிரதமர் கேட்டார். 2016 ஜனவரி 1 முதல் 'குரூப் சி'யிலும் அரசிதழ் பதிவு பெறாத 'குரூப் பி' பணிகளிலும் நேர்காணல் நீக்கப்பட்டது. சொல்லப்பட்ட காரணம் சிபாரிசு, ஊழல். நல்லது. ஆனால் சிபாரிசு என்பது என்ன? தெரிந்தவர், உறவினர், நம்மவர். இந்தச் சமூகத்தில் 'நம்மவர்' என்ற சொல்லுக்கு எல்லை போடுவது எது என்று யாரும் கேட்கவில்லை. மேலே, குடிமைப் பணித் தேர்வில், 2025 மொத்த மதிப்பெண்ணில் 275 இன்றும் 'ஆளுமைத் தேர்வு'க்குத்தான். கடைநிலை ஊழியரைத் தேர்ந்தெடுக்க நம்ப முடியாத நேர்காணல், கலெக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் நம்பத் தகுந்ததாகிவிடுகிறது!

தனியார் துறையில் இந்த அளவுக்குக்கூட வரம்பு கிடையாது. அரசமைப்புச் சட்டத்தின் 16(4) அரசுப் பணியோடு நின்றுவிடுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது 'பொதுமக்கள் பார்வையில்' நடந்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் வாசகம். நான்கு சுவர்களுக்குள், வெளியாட்கள் யாரும் இல்லாதபோது பேசியது அதில் வராது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கதவைச் சாத்திவிட்டு நடப்பதுதான் நேர்காணல். அங்கே வசைகூடத் தேவையில்லை, ஒரு 'ஓ' போதும். எந்தச் சட்டப் பிரிவில் போய் அதை எழுதுவது?

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் பயிற்சியாளர்கள் என்ன சொல்கிறார்கள்? தோற்றுவிட்டு வந்த மாணவரிடம், "உனக்கு கான்ஃபிடன்ஸ் இல்லை, கம்யூனிகேஷன் போதாது" என்கிறார்கள். பூட்டிய கதவை நோக்கி ஒருவனை ஓடவிட்டு, முட்டிக்கொண்டு விழுந்ததும் ஓடத் தெரியவில்லை என்று சொல்வது இது. நாலைந்து நேர்காணல்களுக்குப் பிறகு அந்த மாணவரும் அதை நம்பத் தொடங்குகிறார். "நமக்குப் பேச வராது அண்ணா" என்கிறார். அவமானத்தைவிட நமக்கு அச்சம் தருவது இந்த நம்பிக்கைதான். அவமானம் கோபமாக மாறும். இந்த நம்பிக்கையோ ஆளை வீட்டுக்குள் உட்கார வைத்துவிடும்.

பேச்சும் தோற்றமும்தான் குறை என்றால், 1917இல் பரோடாவில் நடந்ததற்கு என்ன விளக்கம்? கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த அம்பேத்கர், சமஸ்தானப் பணியில் சேர்ந்தார். அவருடைய ஆங்கிலம் போதவில்லையா? கோட்டு சரியாக இல்லையா? கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைத் தூர நின்று அவர் மேசை மேல் வீசினார்கள். தங்க ஒரு வீடு கிடைக்காமல், பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டு, பம்பாய்க்கே திரும்பினார். அவரைவிடச் சிறந்த 'பர்சனாலிட்டி'யை எந்தப் பயிற்சி வகுப்பு உருவாக்கிவிடப் போகிறது?

இங்கே நம் தோழர்கள் சிலரோடும் சண்டை போட வேண்டியிருக்கிறது. "அப்படியென்றால் மாதிரி நேர்காணல் எதற்கு? நம் பிள்ளைகளை அவர்களைப் போல நடிக்கப் பழக்குகிறீர்களா? இது சமரசம் இல்லையா?" என்று எங்களைக் கேட்கிறார்கள். சாதி ஒழிந்த பிறகு வேலைக்குப் போகலாம் என்று சொல்ல, கேட்பவருக்குப் பெரும்பாலும் ஒரு மாதச் சம்பளம் வந்துகொண்டிருக்கிறது. கல்விக் கடன் தவணை கட்ட வேண்டிய பெண்ணிடம் போய்க் கட்டமைப்பைப் பற்றி வகுப்பெடுத்துவிட்டு வருவது புரட்சி ஆகாது. கதவு பூட்டியிருக்கிறது என்று அறிவிப்பதோடு நம் வேலை முடியவில்லை. பூட்டை உடைக்கவும் வேண்டும். அதுவரை திறக்கிற கதவுகளில் நம் பிள்ளைகளை நுழைய வைக்கவும் வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்யத் தெரியாவிட்டால் நாம் எதற்கு இயக்கம்?

ஆகவே பயிற்சி கொடுக்கிறோம். ஆனால் வேறு மாதிரி கொடுக்கிறோம்.

முதல் விதி, பொய் சொல்லப் பழக்குவதில்லை. ஒழுக்கப் பாடமாக இதைச் சொல்லவில்லை. பொய் சொல்பவரின் கவனம் பாதி அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதிலேயே போய்விடுகிறது. அப்பாவைப் பற்றிக் கேட்டால் ஒரே வாக்கியத்தில் உண்மையைச் சொல்லுங்கள். குரலை இறக்காமல் சொல்லுங்கள். அடுத்த மூச்சிலேயே வேலைக்கு வாருங்கள்: "அப்பா நகராட்சியில தூய்மைப் பணியாளர், சார். என் புராஜெக்ட் பத்தி ரெண்டு நிமிஷம் சொல்லட்டுமா?" இதை எங்கள் வட்டத்தில் ஒவ்வொருவரும் பத்து முறை சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும். முதல் இரண்டு முறை குரல் உடையும். பத்தாவது முறை உடையாது.

இரண்டாவது, தன் வேலையை ஆழமாகத் தெரிந்துகொள்வது. பயோடேட்டாவில் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரிக்கும் ஐந்து நிமிடம் பேசத் தெரிய வேண்டும். ஏன் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தாய், எங்கே தவறியது, எப்படிச் சரிசெய்தாய் என்ற மூன்றுக்கும் பதில் வேண்டும். பேசத் தெரியாதவை எதுவும் பயோடேட்டாவில் இருக்கக் கூடாது. ஆங்கிலம் தடுமாறினால் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். ஒரு சொல் வரவில்லையென்றால் அதைத் தமிழில் சொல்லிவிட்டு மேலே போங்கள். தடுமாற்றத்துக்காக மன்னிப்புக் கேட்காதீர்கள்.

மூன்றாவது, இடஒதுக்கீடு பற்றிக் கேட்டால் பதற வேண்டாம், தற்காப்புக்கும் போக வேண்டாம். "அது அரசமைப்புச் சட்டம் கொடுத்த உரிமை" என்று சொல்லி நிறுத்துங்கள். விவாதத்துக்கு இழுத்தால், "இந்த வேலையோடு தொடர்புள்ளதாக இருந்தால் விரிவாகச் சொல்கிறேன்" என்று கேளுங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

நான்காவதுதான் முக்கியம். வெளியே வந்ததும் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, கேட்ட கேள்விகளை வரிசையாக எழுதுங்கள். எத்தனை நிமிடம் நடந்தது, பாடத்தில் எத்தனை, குடும்பத்தைப் பற்றி எத்தனை. முடிந்தால் உடன் வந்த மற்ற மாணவர்களிடம் என்ன கேட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். எங்கள் வட்டத்தில் அதற்காக ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். தனியாக இருக்கும்போது 'ஓ' என்பது ஒரு மனப்புண். நோட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதும்போது அது சாட்சியம்.

சாட்சியம் சேர்ந்தால் கோரிக்கை வைக்கலாம். நாம் கேட்பது சலுகை இல்லை. வேலைக்கு வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகள், முன்பே வகுத்த அளவுகோல், ஒவ்வொரு பதிலுக்கும் எழுதிவைத்த மதிப்பெண். இப்படி நடத்தும் நேர்காணல், மனம்போன போக்கில் நடத்தும் நேர்காணலைவிட நல்ல ஊழியரைக் கண்டுபிடிக்கிறது என்று உளவியலாளர்கள் ஷ்மிட், ஹன்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998லேயே காட்டினார்கள். ஆக, தகுதி தகுதி என்று பேசும் நிறுவனங்கள் உண்மையில் தகுதியைத் தேடினால் நம் கோரிக்கையை அவர்களே வைத்திருக்க வேண்டும். முதல் கட்டச் சலிப்பில் பெயர், முகவரி, பள்ளியின் பெயர் மூன்றையும் மறைத்துவிட்டுப் பாருங்கள். குடும்பத்தைப் பற்றிய கேள்விகளை நீக்குங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நம்மில் ஒருவரும் உட்காரட்டும்.

அதற்கும் மேலே, தனியார் துறையில் இடஒதுக்கீடு. 2004இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணியின் குறைந்தபட்சப் பொதுத் திட்டத்தில் இது பற்றிய பேச்சு தொடங்கியது. 2006இல் தொழில் கூட்டமைப்புகள் ஜே.ஜே. இரானி தலைமையில் குழு போட்டு, சட்டம் வேண்டாம், நாங்களே விருப்பப்பட்டுச் செய்கிறோம் என்றன. இருபது ஆண்டுகள் ஆயின. விருப்பம் இன்னும் வரவில்லை. அரசு நிலத்தையும் வரிச் சலுகையையும் மானிய மின்சாரத்தையும் வாங்கும்போது பொதுத் துறையாக இருப்பவர்கள், ஆளெடுக்கும்போது மட்டும் தனியார் ஆகிவிடுகிறார்கள். இதைத் தேர்தல் நேரத்தில் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் கேட்போம்.

அந்தத் தம்பி மூன்று வாரம் கழித்து இன்னொரு நேர்காணலுக்குப் போனார். அப்பாவைப் பற்றிக் கேட்டார்கள். உண்மையைச் சொன்னார். குரல் உடையவில்லை என்றார். வேலை கிடைக்கவில்லை. நோட்டில் ஒரு பக்கம் எழுதினார். ஏழு கேள்விகள், அதில் நான்கு குடும்பத்தைப் பற்றி. எழுதி முடித்துவிட்டு, "எனக்குப் பேச வரலன்னு நெனச்சிட்டு இருந்தேன் அண்ணா. அவங்க கேக்கவே இல்ல" என்றார்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் தொடங்குகிறோம். பயோடேட்டாவைக் கொண்டுவாருங்கள். இதுவரை போன நேர்காணல்களில் கேட்ட கேள்விகளையும் நினைவுபடுத்தி எழுதிக்கொண்டு வாருங்கள்.